மாடித்தோட்டத்தில்-தக்கா: என் தளத்தின் யுஆர்எல்களை மாற்றலாமா?

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தன் பெயரும் தளத்தின் பெயரும் வேண்டாம் என்றார். கடிதம் நீளம், அதனால் சாரத்தை மட்டும் என் வார்த்தைகளில் தருகிறேன்.

2018லிருந்து மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்துகிறார், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்தது. 400க்கு மேல் கட்டுரைகள். கூடவே நாட்டு விதைகளைச் சின்ன பாக்கெட்டுகளில் போட்டு விற்கிறார். அந்தச் செடி பற்றிய கட்டுரைக்குப் போகும் கியூஆர் கோடு ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கிறது. கட்டுரைகளின் இணைய முகவரியில் (யுஆர்எல்) முதலில் வருடம், மாதம், தேதி, அப்புறம் தமிழில் தலைப்பு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நாலு வரிக்கு நீள்கிறது, "இது வைரஸ் லிங்க்கா அக்கா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஆடிப்பட்டத்துக்கு முன்னாலும் முக்கியமான கட்டுரைகளைத் திருத்தி, புதிதாகத் தெரியட்டும் என்று வெளியீட்டுத் தேதியையும் மாற்றிவிடுவாராம்.

இப்போது ஒரு எஸ்இஓ நிறுவனம் (தேடலில் தளங்களை மேலே கொண்டுவருவதாகச் சொல்கிறவர்கள்) வந்து, எல்லா முகவரிகளையும் ஆங்கிலமாக்கி, பிரிவு, உட்பிரிவு என்று அடுக்கி, தேடுசொற்களையும் உள்ளே வைத்துத் தருகிறோம், ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், கட்டணம் 45,000 ரூபாய் என்கிறது. பழைய முகவரிகள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "கூகுளே புரிஞ்சுக்கும் மேடம்" என்று பதில். கல்லூரியில் படிக்கும் தம்பி மகனோ, "எதையும் தொடாதீங்க அத்தை, மாத்தினா எல்லாம் போயிடும்" என்கிறான். விதைக் கடை ஒன்றையும் ஆங்கிலப் பகுதி ஒன்றையும் தளத்தில் சேர்க்கும் யோசனையும் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

உங்கள் தம்பி மகன் முக்கால்வாசி சரி. ஒரு முகவரியை வெளியே கொடுத்துவிட்டால் அதை வைத்திருக்கிறவர்களை நீங்கள் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது. யாரோ ஒருவர் தன் குடும்பக் குழுவில் பகிர்ந்தது, இன்னொருவர் புக்மார்க் செய்தது, உங்கள் விஷயத்தில் அதற்கும் மேலே, யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கும் விதை பாக்கெட்டில் அச்சாகியிருப்பது. ஆகவே முகவரியை மாற்றுவது கடைசி வழி. ஆனால் உங்கள் தளத்தில் இப்போதே முகவரிகள் வருடா வருடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அதை மாற்றுவது நீங்களேதான். அதனால் "எதையும் தொடாதீங்க" என்பது உங்களுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு முறை தொட வேண்டும், சரியாகத் தொட வேண்டும், அப்புறம் விட்டுவிட வேண்டும்.

முகவரியில் தேடுசொல் இருந்தால் முதலிடமா?

இல்லை. முகவரியில் உள்ள சொற்களைக் கூகுள் கவனிக்கிறது, ஆனால் அது மிகச் சின்ன காரணி என்று கூகுளின் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் முல்லரே பலமுறை சொல்லியிருக்கிறார். கட்டுரையின் தலைப்பிலும் உள்ளேயும் "தக்காளி இலைச்சுருட்டல்" என்று தெளிவாக இருக்கும்போது முகவரியில் அது மூன்று தடவை வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. யாரும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்றும் கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது, அதை அந்த எஸ்இஓ நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள்.

தேடல் முடிவில் முகவரி அழகாகத் தெரிந்தால் நிறைய பேர் சொடுக்குவார்கள் என்றும் சொன்னார்களாமே. அந்தக் காரணமும் தேய்ந்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து கைப்பேசித் தேடல் முடிவுகளில் கூகுள் தளத்தின் பெயரை மட்டும்தான் காட்டுகிறது, அதற்குப் பின்னால் வரும் பாதையைக் காட்டுவதில்லை. கணினியில் இன்னும் தெரியும். உங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் கைப்பேசியில் வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் நல்ல முகவரி எதற்கு? மனிதர்களுக்குத்தான். வாட்ஸ்அப்பில் பார்த்தவுடன் இது என்ன லிங்க் என்று புரிவதற்கு, தொலைபேசியில் வாயால் சொல்வதற்கு, பாக்கெட்டில் அச்சடிப்பதற்கு. தேடுபொறிக்குத் தேவை வேறு: ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி, அது நிலையாக இருக்க வேண்டும், உள்ளிருந்து அதற்கு லிங்க் இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் அது திருப்தியாகிவிடும்.

தமிழ் முகவரியும் பாதித் தக்காளியும்

தமிழில் முகவரி இருந்தால் கூகுள் எடுத்துக்கொள்ளாது என்று பயப்படுகிறீர்கள். தேவையே இல்லை. வாசகர்களின் மொழிச் சொற்களை முகவரியில் பயன்படுத்துங்கள் என்றுதான் கூகுளின் வழிகாட்டி சொல்கிறது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அதை அந்த நிறுவனமும் கவனிக்கவில்லை, உங்கள் தம்பி மகனும் கவனிக்கவில்லை.

இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் நேரடியாக வரலாம். மற்ற எல்லாம் சங்கேதமாக மாற்றப்பட வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். "தக்காளி" நமக்கு நாலெழுத்து. கணினிக்குப் புள்ளி, துணைக்கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் ஏழு. ஏழு ஒன்பது 63. பிரவுசரின் முகவரிப் பட்டையில் அது தமிழாகவே தெரியும்; நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் அந்த 63ம் வெளியே வந்து நிற்கும். உங்கள் வாடிக்கையாளர் பார்த்துப் பயந்த வைரஸ் லிங்க் இதுதான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். ஆனால் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு கட்டுரையின் ஸ்லக்குக்கும், அதாவது முகவரியின் கடைசிப் பகுதிக்கும், தரவுத்தளத்தில் 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. சங்கேதமாக்கிய பிறகு 200. அதாவது சுமார் 22 தமிழ்க் குறிகள். "மாடித்தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி" என்ற உங்கள் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல் மட்டுமே 17 குறி, 153 இடம் போயிற்று. சொல்லுக்கு நடுவே வரும் கோடு ஒன்று. மிச்சமிருக்கும் 46 இடத்தில் ஐந்து குறிதான் நுழையும். ஆக உங்கள் முகவரி "மாடித்தோட்டத்தில்-தக்கா" என்று முடிகிறது. ளியைக் காணோம், வளர்ப்பைக் காணோம். வெண்டைக்காய்க் கட்டுரை "வெண்ட" என்று நிற்கிறது, கத்தரி "கத்தர" ஆகிவிட்டது.

இதிலே இன்னொரு கூத்து. தக்காளி இலை சுருண்டால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதிய இரண்டாவது கட்டுரையும் அதே "மாடித்தோட்டத்தில் தக்காளி" என்றுதான் தொடங்குகிறது. அது வெட்டுப்பட்டால் முதல் கட்டுரையின் ஸ்லக்கேதான் வரும். ஒரே பெயர் இரண்டுக்கு வரக்கூடாது என்பதால் வேர்ட்பிரஸ் பின்னால் 2 சேர்க்கிறது, 2க்கு இடம் வேண்டுமே என்று இன்னொரு குறியையும் கழிக்கிறது. நீங்கள் அனுப்பிய லிங்க்குகளைப் பிரித்துப் பார்த்தபோது "தக்க-2", "தக்க-3" என்று வரிசையாக இருப்பதன் காரணம் இதுதான். இந்த முகவரிகளில் எது இலைச்சுருட்டல், எது காய்ப்புழு என்று உங்களுக்கே தெரியாது.

இதற்குத் தமிழைக் குறை சொல்ல வேண்டாம். குறை, தலைப்பை அப்படியே ஸ்லக்காக விட்டதில். வேர்ட்பிரஸ் எடிட்டரில் ஸ்லக்கைக் கையால் மாற்றும் இடம் இருக்கிறது, வெளியிடும் முன் அதில் இரண்டு மூன்று சொல் மட்டும் போடுங்கள். "தக்காளி-வளர்ப்பு", "தக்காளி-இலைச்சுருட்டல்". "மாடித்தோட்டத்தில்" என்பதை விட்டுவிடுங்கள், உங்கள் தளமே மாடித்தோட்டத்துக்கானது.

சரி, தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தா? உங்கள் தொழிலைப் பார்த்தால் புதுக் கட்டுரைகளுக்கு ஆங்கில எழுத்தில் சின்ன ஸ்லக் போடுவதே மேல் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் போக்குவரத்து பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலிருந்தும் பாக்கெட்டிலிருந்தும் வருகிறது என்பதுதான் காரணம், தேடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கவிதையோ கட்டுரையோ எழுதுகிற ஒருவர் கேட்டிருந்தால், சுருக்கமான தமிழ் ஸ்லக்கே போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆங்கில எழுத்தில் போடுவதில் ஒரு சிக்கல், தக்காளியை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எச் போடலாம், போடாமல் விடலாம், ஏயை ஒன்று போடலாம், இரண்டு போடலாம். ஒரு நோட்டில் காய்கறிப் பெயர்களுக்கெல்லாம் ஒரே எழுத்துக்கோவையை எழுதி வைத்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள். அல்லது செடியின் பெயருக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லையே போடுங்கள், டொமேட்டோ, பிரிஞ்சால் என்று. அதில் எழுத்துக்கூட்டும் தகராறு கிடையாது. சொற்களுக்கு நடுவே சின்னக் கோடு, அடிக்கோடு வேண்டாம். எல்லாம் சின்ன எழுத்து.

தமிழிலேயே தொடர்ந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: "கொத்தமல்லி"யின் "கொ"வை ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. முகவரியாக மாறும்போது இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய தலைப்புகளில் இது வரும். கையால் தட்டச்சு செய்கிறவருக்குப் பக்கம் கிடைக்காமல் போனால் இதையும் சந்தேகப்படுங்கள்.

தேதியைப் பற்றி

தேதி இருக்கும் முகவரியைக் கூகுள் பழையது என்று ஒதுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகவரியில் 2019 இருப்பதால் மட்டும் அப்படி ஒதுக்குவதில்லை. வேடிக்கை என்னவென்றால், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முகவரிகள் மாறவே கூடாது என்று 1998ல் எழுதிய குறிப்பில், முகவரியில் போடத் தகுந்த விஷயங்களில் ஒன்று அது உருவான தேதி என்கிறார். காரணம் எளிது: பொருள் மாறலாம், ஆசிரியர் மாறலாம், பிரிவு மாறலாம், பிறந்த தேதி மாறாது.

நீங்கள் அந்தப் பிறந்த தேதியைத்தான் வருடா வருடம் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தளத்தின் அமைப்பில் வெளியீட்டுத் தேதியை மாற்றினால் முகவரியும் மாறும். தக்காளிக் கட்டுரைக்கு இதுவரை எத்தனை முகவரி என்று யாருக்கும் தெரியாது. பழைய தேதியை வேர்ட்பிரஸ் குறித்துவைத்துக்கொண்டு புது முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி 2018 வாக்கில் வந்தது, அதனால்தான் இன்னும் பெரிதாக எதுவும் உடையவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆடிப்பட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், தேடல் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து, உங்கள் மிகச் சிறந்த கட்டுரைகளின் முகவரியை எல்லாம் நீங்களே மாற்றுகிறீர்கள். எஸ்இஓ நிறுவனம் செய்ய வேண்டிய முதல் வேலை இதை நிறுத்தச் சொல்வது.

எனவே உங்கள் விஷயத்தில் தேதியை முகவரியிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் முடிவு. நீங்கள் எழுதுவது செய்தி இல்லை, ஒவ்வொரு பட்டத்துக்கும் திரும்பத் திரும்பப் படிக்கப்படுவது. முகவரி தளப்பெயர், அடுத்து ஸ்லக், அவ்வளவுதான். திருத்திய தேதியைக் கட்டுரைக்குள் "கடைசியாகத் திருத்தியது" என்று காட்டுங்கள், வெளியீட்டுத் தேதியில் கை வைக்காதீர்கள்.

பிரிவு, கடை, ஆங்கிலம்

நிறுவனம் சொல்கிற மாதிரி காய்கறி, அதற்குள் பழக்காய், அதற்குள் தக்காளி என்று அடுக்க வேண்டாம். அடுக்கு ஆழமாக இருந்தால் தரவரிசை குறையும் என்பதால் சொல்லவில்லை, அது ஒரு கட்டுக்கதை. பிரிவு என்பது உங்கள் மனம் மாறும்போது மாறும் விஷயம். இன்றைக்கு "பூச்சி" பிரிவில் இருக்கும் கட்டுரையை நாளைக்கு "இயற்கை மருந்து"க்கு நகர்த்துவீர்கள், முகவரி உடையும். இரண்டு பிரிவில் இருக்கும் கட்டுரைக்கு எந்தப் பிரிவைப் போடுவது என்ற கேள்வியும் வரும். பிரிவுகளை மெனுவில் காட்டுங்கள், பக்கத்தின் மேலே பாதையாகக் காட்டுங்கள், முகவரியில் வேண்டாம்.

கடைக்கு மட்டும் ஒரு தனி முன்னொட்டு வைத்துக்கொள்ளலாம், வேர்ட்பிரஸின் கடைச் செருகுநிரல்கள் தாமாகவே அப்படித்தான் செய்யும். 10 கிராம், 50 கிராம் என்று எடை தேர்ந்தெடுக்கும்போது முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியோடு ஏதாவது சேரலாம். விலைவாரியாக வரிசைப்படுத்தினாலும் சேரும். அவை எல்லாவற்றிலும் கேனானிக்கல் குறி, அதாவது எது மூல முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி, மூலப் பக்கத்தையே காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இதனால் கூகுள் உங்கள் தளத்தை முழுக்கப் படிக்காமல் போய்விடும் என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அந்தக் கவலை லட்சக்கணக்கான பக்கம் உள்ள தளங்களுக்கு.

ஆங்கிலப் பகுதியைத் தனி டொமைனில் (தளப்பெயரில்) வைக்கவா, துணை டொமைனிலா, உள் கோப்புறையிலா என்று கேட்டிருந்தீர்கள். கூகுளுக்கு எதுவும் சம்மதமே. ஒற்றை ஆளாகப் பராமரிக்கிற உங்களுக்கு உள் கோப்புறை எளிது, ஒரே நிறுவல், ஒரே கட்டணம். தமிழ்ப் பகுதிக்கும் முன்னொட்டு போட்டு எல்லாவற்றையும் நகர்த்தாதீர்கள், தமிழ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரே கட்டுரை இரண்டு மொழியிலும் இருந்தால் ஒன்றையொன்று காட்டும் மொழிக்குறி (ஹெச்ரெஃப்லாங்) இரண்டு பக்கத்திலும் வேண்டும், ஒரு பக்கத்தில் மட்டும் போட்டால் கூகுள் அதைப் பொருட்படுத்தாது. மற்றபடி பக்கம் எந்த மொழி என்பதை அது உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது.

மாற்றும் வேலையை எப்படிச் செய்வது

ஆடிப்பட்டம் முடிந்து, தைப்பட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிற ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யுங்கள். உங்களுக்குக் கூட்டம் குறைவான நேரம் அது. முதல் நாளே முழு பேக்கப்.

வேர்ட்பிரஸ் அமைப்பில் முகவரி வடிவத்தை ஸ்லக் மட்டும் என்று மாற்றினால் 400 கட்டுரையும் ஒரே நொடியில் மாறிவிடும். கட்டுரைக்குக் கட்டுரை வேறு வடிவம் வைக்க அங்கே வழியில்லை. மாற்றியதும் பழைய லிங்க்கை வேர்ட்பிரஸே யூகித்துத் திருப்பப் பார்க்கும், அந்த யூகத்தை நம்பாதீர்கள். சர்வரில் ஒரே ஒரு விதி எழுதச் சொல்லுங்கள்: முகவரி நான்கு இலக்கம், இரண்டு இலக்கம், இரண்டு இலக்கம், அப்புறம் ஒரு ஸ்லக் என்று வந்தால், தேதியை உதிர்த்துவிட்டு ஸ்லக்குக்கு 301 ரீடைரக்ட், அதாவது தானாகத் திருப்பிவிடுவது. இதில் ஒரு நல்ல விஷயம், எந்தத் தேதி என்பதை அது கேட்காது. 2019ல் அச்சடித்த பாக்கெட்டும் 2022ல் பகிர்ந்த லிங்க்கும், நீங்களே மறந்துபோன தேதிகளும், எல்லாம் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரும். முன்னதாக, ஏதாவது கட்டுரையும் "எங்களைப் பற்றி" மாதிரியான பக்கமும் ஒரே ஸ்லக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தேதி போன பிறகு அவை மோதும்.

301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது என்று பொருள். 302 தற்காலிகம், அதைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, கவனியுங்கள். 301ஆல் பழைய பக்கத்தின் மதிப்பில் ஒரு பகுதி போய்விடும் என்பது முன்பு பரவலாக இருந்த நம்பிக்கை. அப்படி இழப்பு இல்லை என்று கூகுள் தரப்பில் 2016லேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பழையதெல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் கதை வேறு, அதைப் பக்கம் இல்லை என்பதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும், பாக்கெட்டை ஸ்கேன் செய்தவருக்கும் எரிச்சல். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கிறது கூகுள். நீங்கள் எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு வரி விதிக்கு மாத வாடகை எதுவும் கிடையாது.

அடுத்தது, கட்டுரைகளுக்குள் நீங்களே ஒன்றுக்கொன்று கொடுத்திருக்கும் லிங்க்குகள். அவற்றைப் புது முகவரிக்கு மாற்றுங்கள், சைட்மேப்பும் (தேடுபொறிக்கான முகவரிப் பட்டியல்) புதிதாகிவிட்டதா என்று பாருங்கள். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றம் என்று ஒரு கருவி இருக்கிறது, அது டொமைனையே மாற்றுகிறவர்களுக்கானது, நீங்கள் தொட வேண்டாம்.

இதெல்லாம் ஓடி இரண்டு மாதம் போகட்டும். அப்புறம் "தக்க-2", "தக்க-3" மாதிரியானவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் புது ஸ்லக்குக்கு மாற்றுங்கள். கட்டுரைகளைப் பொறுத்தவரை பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துத் திருப்பிவிடும், பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது. வெட்டுப்பட்டிருந்தாலும் நிறைய பேர் வந்துகொண்டிருக்கும் கட்டுரைகளை விட்டுவிடுங்கள். "மாடித்தோட்டத்தில்-தக்கா" அசிங்கம்தான், ஆனால் வேலை செய்கிறது.

சில வாரங்களுக்குத் தேடல் போக்குவரத்து ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் பழைய வடிவத்துக்கே திரும்ப மாற்றுகிறவர்கள்தான் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி அடிக்கப்போகும் பாக்கெட்டுகளுக்கு ஒரு யோசனை. கட்டுரையின் முகவரியைக் கியூஆரில் வைக்காதீர்கள். உங்கள் தளப்பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்தும் விதை எண்ணும் வருகிற மாதிரி ஒரு குட்டி முகவரி உருவாக்கி, அதிலிருந்து கட்டுரைக்குத் திருப்புங்கள். கட்டுரை எங்கே போனாலும் பாக்கெட்டில் இருக்கும் கோடு வேலை செய்யும். முகவரி குட்டி என்றால் கியூஆரின் கட்டங்களும் குறையும், அந்தச் சின்ன கவரிலும் சுலபமாக ஸ்கேன் ஆகும். இப்போது சில போன்களில் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, நீளமான தமிழ் முகவரி காரணமாக இருக்கலாம். இதற்கு வெளியாரின் சுருக்க முகவரிச் சேவையைப் பயன்படுத்த வேண்டாம். கூகுளே தன்னுடைய சேவையை 2019ல் நிறுத்தி, பயன்பாட்டில் இல்லாத பழைய சுருக்க லிங்க்குகள் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு இயங்காது என்று அறிவித்தது.

அந்த நிறுவனத்தோடு பேசுவதென்றால்

45,000 ரூபாய்க்கு அவர்கள் செய்யப்போவதாகச் சொன்னதில் உங்களுக்குத் தேவையானது ஒரு அமைப்பு மாற்றமும் ஒரு வரி விதியும் சரிபார்ப்பும். தெரிந்த டெவலப்பர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. அவர்களிடமே கொடுப்பது என்று முடிவு செய்தால், எழுத்தில் வாங்க வேண்டியது இவ்வளவு: பழைய முகவரி, புது முகவரி இரண்டும் அடங்கிய முழுப் பட்டியல் வேலை தொடங்கும் முன் உங்கள் கைக்கு வர வேண்டும், திருப்பம் எல்லாம் 301 ஆக, ஒன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டும், முடிந்த பிறகு அந்தப் பட்டியலிலிருந்து நீங்கள் விரும்பிய 50 பழைய லிங்க்குகளைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியான பக்கத்துக்குப் போனால்தான் மீதிப் பாதிப் பணம். "முதலிடம்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள், எழுத மாட்டார்கள்.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. முதலில் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால் இந்த வேலைக்கெல்லாம் முன்னால் அதை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும், நிறுவனத்துக்குப் பயனராக மட்டும் அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் நிர்வாகி கடவுச்சொல்லும் அப்படியே: உங்களுடையதைத் தராமல் அவர்களுக்குத் தனிக் கணக்கு. தம்பி மகனிடம் அந்த 50 லிங்க்குகளைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுங்கள், பாக்கெட்டில் இருக்கும் கியூஆர்களிலிருந்து குறைந்தது பத்தாவது அதில் இருக்கட்டும்.